இறங்கு சார் வாங்கிய வாட்ச்

என் அத்தானிடம் யாரும் மணி கேட்க மாட்டார்கள். கேட்டால் அதற்கே நேரம் போய்விடும். முதலில் கையைப் பார்ப்பார். அதை நம்பாமல் சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பார். போனையும் நம்பாமல் சுவரில் தொங்கும் கடிகாரத்தை அண்ணாந்து பார்ப்பார். மூன்றும் ஒரே நேரத்தைக் காட்டினாலும், "சுமாரா நாலரைன்னு வச்சுக்குங்களேன்" என்பார். அந்த 'வச்சுக்குங்களேன்' இல்லாமல் அவர் வாயிலிருந்து ஒரு தகவல் வந்து நான் கேட்டதில்லை. சாப்பாடு எப்படி என்று என் அக்கா கேட்டால்கூட, "நல்லா இருக்குன்னு வச்சுக்கோயேன்" என்பார். அக்காவும் இத்தனை வருஷமாக அப்படியே வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறாள்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவர் பார்க்கும் வேலை அப்படி. ஊருக்கு வெளியே லாரிகள் திரும்பும் இடத்தில் ஓர் எடைமேடை இருக்கிறது. தரையோடு தரையாக நீளமான இரும்புப் பலகை. பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. அந்த அறையில்தான் அத்தான். லாரி காலியாக வந்து பலகை மேல் ஏறும், எடை போடுவார். சரக்கை ஏற்றிக்கொண்டு மறுபடி வந்து ஏறும், எடை போடுவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஆனால் அந்த வித்தியாசத்துக்குள் ஒளிந்துகொள்ளாத திருட்டே கிடையாது. காலி எடை போடும்போது கிளீனரும் அவன் சிநேகிதர்களும் சீட்டுக்குப் பின்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். லோடு எடை போடும்போது அத்தனை பேரும் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எடைக்கு எடை சரக்கு ஓசியில் போகும். இன்னொருவன் பின் சக்கரத்தைப் பலகையின் ஓரத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நிறுத்துவான். இதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். லாரி வந்து நின்றதும் அத்தான் ஜன்னலைத் திறந்து போடும் முதல் சத்தம், "இறங்கு!" யாரும் உள்ளே இல்லாவிட்டாலும் அந்தச் சத்தம் உண்டு. அதனால் டிரைவர்கள் அவருக்கு வைத்த பேர் 'இறங்கு சார்.'

எனக்கும் அவருக்கும் உறவு ஆரம்பித்ததே அந்த மேடையில்தான். அவர் அக்காவைக் கட்டிய புதிதில், அவர் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க நான் ஆசையாகப் போனேன். "என்ன எடை இருப்பீங்க மச்சான்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஏதோ சொன்னேன். "சும்மா பலகை மேல நில்லுங்க" என்றார். லாரிகளை நிறுக்கும் மேடைக்கு நான் எம்மாத்திரம்? இருந்தாலும் அது காட்டியதைப் பார்த்துவிட்டு, "சொன்னதுக்கும் இதுக்கும் ஒத்துவரலையே" என்று ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு என் மேல் விழுந்த சந்தேகம் இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

லாரியோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. மனிதர்களுக்கும் அதே சட்டம்தான். "ஆளையும் ரெண்டு தடவை எடை போடணும் மச்சான்" என்பார். "நம்மகிட்ட ஒண்ணும் வேண்டாதப்போ எப்படி இருக்கான்னு பாக்கணும். அது காலி எடை. நம்மகிட்ட ஒண்ணு கேட்டு வந்து நிக்கிறப்போ எப்படி இருக்கான்னு பாக்கணும். அது லோடு எடை. ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவும் நடிப்பு." இந்தச் சட்டப்படி பால்காரர், வீட்டு உரிமையாளர், பக்கத்து வீட்டு வாத்தியார், நான் என எல்லோரும் இரண்டு தடவை நிறுக்கப்பட்டு, எல்லோரும் தேறாமல் போனோம்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அவருடைய ஒரே மகள் வந்து, தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள்.

வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அவளை நாங்கள் குட்டி என்றுதான் கூப்பிடுகிறோம். ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் போன் எடுக்கிற, வருகிறவர்களை உட்கார வைக்கிற வேலை. வலியோடு வருகிறவர்களிடம் பேசிப் பேசியோ என்னவோ, குரலை உயர்த்தவே மாட்டாள். அன்றைக்கும் உயர்த்தவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். அவர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற வாட்ச் கடையில் வேலை பார்க்கிறார். இந்த ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வருகிறார்.

அத்தான் வாயைத் திறப்பதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, மத்தவங்களைப் பண்ற மாதிரி அவரைப் பண்ணாதீங்க. பண்ணினா நான் சண்டையெல்லாம் போட மாட்டேன். அவர்கூடக் கிளம்பிடுவேன். அப்புறம் இந்தப் படி ஏற மாட்டேன்."

"நான் என்ன பண்ணப் போறேன்?" என்றார் அத்தான்.

அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குட்டி சொன்னால் சொன்னதுதான். அதுவும் அப்பாவிடமிருந்து வந்த குணம். அந்த மனிதர் உலகத்தில் நிறுக்காமல் வைத்துக்கொண்ட ஒரே பொருள் அந்தப் பெண்தான் என்று நான் அன்றைக்கு நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "மச்சான், எனக்கு ஒரு வாட்ச் வாங்கணும். கூட வாங்க."

"அத்தான், குட்டி என்ன சொன்னா?"

"என்ன சொன்னா? எம் பழைய வாட்ச் நின்னு போச்சு. நின்னு போனது உண்மையா இல்லையா? தினமும் கட்ட ஒண்ணு வேணும். எல்லாரும் வாங்குற கடையில நானும் வாங்குறேன். அவனுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் அவனைத் தெரியாதுன்னு வச்சுக்குங்க."

பழைய வாட்ச் நின்றது உண்மைதான். அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே நின்றுவிட்டது. இத்தனை நாள் வராத அவசரம் இப்போது ஏன் வந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கடை ஒடுக்கமானது. நுழைந்ததும் இடதுபக்கம் கல்லாவில் முதலாளி, கண்ணை மூடிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அவன் நின்றான். ஒல்லியான உடம்பு, துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை. அத்தான் அவனை ஒரு பார்வை பார்த்தார். டயரிலிருந்து தார்ப்பாய் வரைக்கும் லாரியைப் பார்க்கிற அதே பார்வை.

"தினமும் கட்ட ஒரு வாட்ச் வேணும். நல்லதா இருக்கணும். விலை கம்மியா இருக்கணும்."

"சார் என்ன வேலை பாக்கறீங்க?"

"ஏன்?"

"வேலையைப் பொறுத்துத்தான் சார் எடுத்துக் காட்டணும். தூசியா, தண்ணியா, சும்மா நாற்காலி வேலையான்னு சொன்னாப் போதும்."

அத்தான் யோசித்தார். "தூசி" என்று ராணுவ ரகசியத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

அவன் ஏழெட்டு வாட்ச்களை எடுத்து ஒரு துணி மேல் வரிசையாக வைத்தான். அத்தான் வேண்டுமென்றே பளபளவென்று தங்க நிறத்தில் மின்னிய ஒன்றைத் தொட்டார். விலை கூடின சரக்கை விற்கத்தான் எவனும் பார்ப்பான் என்பது அவர் கணக்கு.

"அது வேண்டாம் சார். முலாம்தான். உங்க வியர்வைக்கு மணிக்கட்டு ஓரமா முதல்ல வெளுத்துடும். அப்புறம் கட்டவே பிடிக்காது."

"இது? இதுல முப்பது மீட்டர்னு போட்டிருக்கே. தண்ணிக்குள்ள இறங்கலாமா?"

"அந்த எழுத்தை நம்பாதீங்க சார். கை கழுவலாம். லேசா மழையில நனையலாம். குளிக்கும்போது கழட்டி வச்சிடுங்க."

எழுதியிருப்பதை நம்பாதே என்று விற்கிறவனே சொன்னதும் அத்தானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர் பேசவேண்டிய வசனம்.

அவன் ஒன்றை மட்டும் முன்னால் நகர்த்தினான். வெள்ளை முகம், கறுப்பு எண்கள், நடுவில் ஒரு நொடி முள். வேறு எந்த அலங்காரமும் இல்லை. "இதைப் பாருங்க சார். பின்மூடி எஃகு. கண்ணாடி கீறினா மாத்திக்கலாம். பேட்டரி எந்தத் தெருக்கடையிலயும் கிடைக்கும். வார் அறுந்துபோனா இதே கடைக்கு வரணும்னு இல்ல, சாதாரண அளவு, எங்க வேணா வாங்கி மாட்டிக்கலாம். தூரத்துலேர்ந்து பாத்தாலும் நேரம் தெரியும். தினமும் கட்டுறதுக்கு இதுக்கு மேல எதுவும் வேண்டாம்."

அத்தான் அதைக் காதில் வைத்துக் கேட்டார். உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டி எடை பார்த்தார். வாரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"தோல்னு சொல்றீங்க, பிளாஸ்டிக் வாசனை வருது."

"பிளாஸ்டிக்தான் சார். தோல்னு நான் சொல்லவே இல்லையே."

நான் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டேன். அத்தான் விடவில்லை. அவன் கையைக் காட்டினார். "வாட்ச் விக்கிறீங்க. உங்க கையில ஒண்ணையும் காணோம்?"

அவன் தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டான். "நாள் பூரா அடுத்தவங்க வாட்ச்சைத் தொடுற கை சார். நான் ஒண்ணு கட்டியிருந்தா அது உரசி கஸ்டமர் வாட்ச்சுல கீறல் விழும். அப்படியே கட்டாம பழகிப்போச்சு."

வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தோம். தெரு முனை வரைக்கும் அத்தான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு நின்றார்.

"ரொம்ப நல்லவனா இருக்கான் மச்சான். சரியில்லை."

"நல்லவனா இருந்தா என்ன அத்தான் சரியில்லை?"

"விலை கம்மியானதை எடுத்துக் காட்டுறான். குறையை அவனே சொல்றான். எந்தக் கடைக்காரன் இப்படிப் பண்ணுவான்? நாம யாருன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. யாரோ சொல்லியிருக்காங்க." சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். குட்டி மேல் சத்தியம் செய்தேன். "சரி, நீங்க சொல்லலைன்னு வச்சுக்குவோம்" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவருக்குத் தூக்கம் இல்லை என்று அக்கா சொன்னாள். வாட்ச் மேல் அவருக்குக் குறை இல்லை. எடைமேடையில் தூசி பறக்கும் நேரத்திலும் முகம் தெளிவாகத் தெரிந்தது. நொடி பிசகாமல் ஓடியது. அதுதான் அவரை வாட்டியது. ஒரு குறையாவது இருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

சனிக்கிழமை மறுபடி என்னைக் கூப்பிட்டார். கடை இருக்கிற தெருவுக்குள் நுழையும் முன் ஒரு தூண் ஓரமாக நின்றார். வாட்ச்சின் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகை இழுத்து, முள்ளைப் பின்னால் திருப்பி வைத்தார். நான் பதறிப்போனேன்.

"என்ன அத்தான் பண்றீங்க?"

"மேடை சரியா நிறுக்குதான்னு எப்படிப் பாப்போம்? நமக்கு எடை தெரிஞ்ச படிக்கல்லை வச்சுப் பாப்போம். இதுவும் அப்படித்தான். வாட்ச்சுல ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். அவன் என்ன சொல்றான்னு பாக்கணும். 'பழுதாயிடுச்சு, மாத்தணும்'னு சொன்னா திருடன். 'ஒண்ணும் இல்ல, நீங்கதான் திருப்பி வச்சிருக்கீங்க'ன்னு சொன்னா யோக்கியன். ரெண்டுல ஒண்ணு."

குட்டி விட்ட எச்சரிக்கை எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் கூடவே போனேன். என்ன சொல்வான் என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

கடையில் அன்றைக்குக் கூட்டம். முதலாளியும் விழித்திருந்தார். அத்தான் வாட்ச்சைக் கழற்றி வைத்து, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "ஒரு வாரத்துல இவ்வளவு பின்னாடி போகுது. இதைத்தான் நல்ல வாட்ச்னு தலையில கட்டினீங்க" என்றார்.

ஓட்டம் சரியா என்று காட்டும் ஒரு சின்ன மெஷின் மேல் அவன் அதை வைத்தான். மெஷினையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அத்தானைப் பார்த்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். திருகை மெதுவாக இழுத்து நேரத்தைச் சரியாக வைத்து, துணியால் துடைத்து நீட்டினான்.

"சின்னக் கோளாறுதான் சார். சரி பண்ணிட்டேன். காசு வேண்டாம்." அதோடு நிற்காமல் முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டான். "உக்காருங்க சார். தண்ணி குடிக்கிறீங்களா? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

அத்தான் உட்காரவில்லை. வாட்ச்சைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் முகம் ஜெயித்தவன் முகமாக இருந்தது.

"பாத்தீங்களா? பொய்! இல்லாத கோளாறைச் சரி பண்ணானாம். யாருக்குக் காது குத்துறான்?"

"காசு வாங்கலையே அத்தான்."

"அதுதான் மச்சான் எனக்குப் பயமா இருக்கு. காசுக்காகப் பொய் சொல்றவன் காசு கிடைச்சா நிறுத்திடுவான். ஒண்ணும் வேண்டாமலே பொய் சொல்றவன் எப்ப நிறுத்துவான்? அப்புறம் எதுக்கு என் வீட்டைப் பத்தி விசாரிக்கிறான்? கஸ்டமர் வீட்டுல எல்லாரும் சௌக்கியமா இருந்தா அவனுக்கு என்ன, இல்லாட்டா அவனுக்கு என்ன?"

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அது எனக்கும் நியாயமாகப் பட்டது. வீடு போய்ச் சேரும்வரை நானும் அவனுடைய சிரிப்பை, முக்காலியை, அந்தத் தண்ணீரை ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துப் பார்த்தேன். எல்லாமே கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிந்தது. அத்தானோடு பத்து நாள் சுற்றினால் யாருக்கும் மூக்கு அப்படி ஆகிவிடும்.

மறுநாள் ஞாயிறு. சாயங்காலம் அவன் வந்தான். அவர்கள் வீடு மாடியில். படியேறி வரும் சத்தம் கேட்டதும் அத்தான் எடைமேடை அறையில் உட்காருவது போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார். நான் வழக்கம்போல ஓரமாக ஒரு நாற்காலியில்.

உள்ளே வந்தவன் அத்தானைப் பார்த்து ஒரு கணம் நின்றான். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "சார்! நீங்களா? வாட்ச் எப்படி ஓடுது?"

"உங்களுக்கு இவரை முன்னாடியே தெரியுமா?" என்றாள் அக்கா. குட்டி நிமிரவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

அக்கா டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடிப்பதற்குள் அத்தான் ஆரம்பித்துவிட்டார்.

"நேத்து வாட்ச் கொண்டு வந்தேனே, அதுல என்ன கோளாறு?"

அவன் கையில் கோப்பை அப்படியே நின்றது. "அது வந்து சார்…"

"சொல்லுங்க. சரி பண்ணேன்னு சொன்னீங்களே. எதைச் சரி பண்ணீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றான் மெதுவாக. "வாட்ச் நல்லாத்தான் ஓடுச்சு. முள்ளு மட்டும் திரும்பியிருந்தது. சில பேர் கழட்டி மாட்டும்போது தெரியாம இழுத்துடுவாங்க. கடையில நாலு பேர் நிக்கும்போது, முதலாளியும் பாத்துட்டிருக்கும்போது, 'நீங்கதான் திருப்பியிருக்கீங்க'ன்னு சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்? அதனாலதான் சின்னக் கோளாறுன்னு சொன்னேன்."

"தெரியாம இல்ல. நான் தெரிஞ்சேதான் திருப்பினேன்" என்றார் அத்தான். "சோதிச்சுப் பாத்தேன். என் பொண்ணைக் கேட்டு வர்ற ஆள் யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். அவனுக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. காது மட்டும் சிவந்துபோனது.

"நியாயம்தான் சார். தெரிஞ்சுக்கத்தான் வேணும்." எழுந்து நின்றான். "எனக்கும் ஒண்ணு தெரியணும். நீங்க எடைமேடையில இருக்கீங்கன்னு இவங்க சொல்லியிருக்காங்க. இதோட முடிஞ்சுதா, இல்ல இன்னும் நிறுப்பீங்களா?"

முடிந்தது என்று அத்தான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் அவரைக் கண்ணால் கெஞ்சினேன். ஆனால் சோதிக்க வரும் பொய், வாக்குக் கொடுக்க அவருக்கு வராது. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"யோசிச்சு வைங்க சார்" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போனான்.

குட்டி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தோளில் கைப்பை தொங்கியது. அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். குட்டி கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"அப்பா, நான் கிளினிக்ல சேர்ந்த புதுசுல தினமும் மத்தியானம் ஒரு போன் வரும். குரலை மாத்திக்கிட்டு ஒருத்தர், 'பல்லு பிடுங்கணும், வலிக்குமா?'ன்னு கேப்பார். நான் இருக்கேனா, வெளிய எங்கேயாவது சுத்தறேனான்னு பாக்கிறதுக்கு. எங்கப்பா இருமல் எனக்குத் தெரியாதா? ஒரு நாளாவது போனை வச்சேனா? வலிக்காது சார், ஊசி போட்டுத்தான் எடுப்பாங்க, பயப்படாம வாங்கன்னு தினமும் சொன்னேன். ஒரு தடவைகூட வீட்டுல வந்து உங்களைக் கேட்டதில்ல."

நான் அத்தானைப் பார்த்தேன். பெண்ணையும் எடை போட்டிருக்கிறார்! எனக்கு அவர் மேல் அப்போது வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவரோ நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தார்.

"இவர் போன வாரம் ஒரு கஸ்டமரைப் பத்திச் சொன்னார்" என்று குட்டி தொடர்ந்தாள். "ஒரு பெரியவர் வந்தாராம். எதைக் காட்டினாலும் நம்பலையாம், வாரை மோந்து பாத்தாராம். நேத்து ராத்திரி பேசும்போது, அவர் திரும்ப வந்தார், நல்லா ஓடுற வாட்ச்சைக் கெட்டுப்போச்சுன்னு கொண்டு வந்தார்னு சொன்னார். வீட்டுல பேசறதுக்கு ஆளே இல்ல போல, அதான் இப்படிக் கடைக்கு வர்றார், பாவம்னு சொன்னார். வாரை மோந்தார்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுப்பா. எங்கப்பாதான் அதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. 'ஆமா, பாவம்'னு நானும் சொல்லிட்டேன்."

அத்தான் எழுந்தார். செருப்புகூடப் போடாமல் படியிறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன். வேடிக்கை பார்க்கத்தான், மறைப்பானேன்?

அவன் எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான். அத்தான் தெருவைக் கடந்து அவன் எதிரில் போய் நின்றார். மூச்சு வாங்கியது.

"இன்னும் நிறுப்பீங்களான்னு கேட்டீங்க தம்பி."

"ஆமா சார்."

"நிறுப்பேன்னுதான் நெனைக்கிறேன். இத்தனை வருஷமா அதைத்தான் பண்றேன். இனிமே மாட்டேன்னு சொன்னா அது பொய். ஆனா மறைஞ்சு நின்னு நிறுக்க மாட்டேன். சந்தேகம் வந்தா உங்க முகத்துக்கு நேரா கேக்கறேன். உங்களையும், அவளையும். கேட்டு நீங்க சொல்றதோட நிறுத்திக்கறேன். இதைத்தான் என்னால சொல்ல முடியும்."

அவன் அத்தானின் வெறும் காலைப் பார்த்தான். வாட்ச்சைப் பார்த்தான். தெருவின் வளைவை ஒரு தடவை பார்த்தான்.

"மணி என்ன சார்?" என்றான்.

அத்தான் கையை உயர்த்தி வாட்ச்சைப் பார்த்தார். வழக்கப்படி மற்றக் கை சட்டைப் பைக்குப் போனது. போனில் விரல் பட்டதும் நின்றது. எதிரே மருந்துக்கடைச் சுவரில் ஒரு கடிகாரம் பெரிதாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. கழுத்து அந்தப் பக்கம் பாதி திரும்பிவிட்டது. பைக்குள் போன கையை வெறுங்கையாக வெளியே எடுத்தார்.

"ஆறு பத்து" என்றார்.

அதற்குப் பிறகு வச்சுக்குங்களேன் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அப்போ ஆறு மணி பஸ் போயிருக்கும்" என்றான் அவன்.

"போயிருக்கும். அடுத்தது வர நேரம் ஆகும். மேல வாங்க. டீ ஆறிப்போயிருக்கும், வேற போடச் சொல்றேன்."

இருவரும் தெருவைக் கடந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் நான் என் போனை எடுத்துப் பார்த்தேன். ஆறு பத்துதான். மருந்துக்கடைக் கடிகாரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

மேலே கதவுக்கு வெளியே குட்டி கைப்பையோடு நின்றிருந்தாள். இறங்குவதற்கு ஒரு காலை முதல் படியில் வைத்திருந்தாள். அத்தான் முன்னாலும் அவன் பின்னாலும் ஏறி வருவதைப் பார்த்தாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அத்தானுக்குத் தெம்பில்லை. அவளுக்கு இரண்டு படி கீழேயே நின்றுவிட்டார்.

"போனை நான்தான் பண்ணேன் குட்டி" என்றார். "நீ எடுத்து ஹலோன்னு சொன்னதும் நிம்மதியாயிடும். வச்சிருக்கலாம். ஆனா பயப்படாம வாங்கன்னு நீ சொல்றதையும் கேக்கணும்னு இருக்கும்."

குட்டி கீழே வைத்த காலை மேலே எடுத்துக்கொண்டாள். பையைத் தோளிலிருந்து கழற்றி, பின்னால் நின்ற அக்காவிடம் கொடுத்துவிட்டு, அப்பா ஏறி வருவதற்கு வழி விட்டு ஒதுங்கி நின்றாள்.